உச்சவரம்பும் நன்றியும்

1

2012 மார்ச் 7ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இரண்டு பேர் ஒரே மேடையில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்றார்கள். ஒருவர் ஜிம் இர்ஸே, கோல்ட்ஸ் என்ற கால்பந்து அணியின் முதலாளி. மற்றவர் பெய்ட்டன் மானிங், 1998லிருந்து அந்த அணியின் ஆட்டக்காரர். முதலாளி ஆட்டக்காரரை நீக்குகிறார் என்பது செய்தி. நீக்கியவருக்குக் குரல் உடைந்தது. நீக்கப்பட்டவரும் குரல் உடைந்துதான் நன்றி சொன்னார். மறுநாளும் மானிங் அணியில் இருந்திருந்தால் ஒப்பந்தப்படி அவருக்கு 2 கோடியே 80 லட்சம் டாலர் தர வேண்டியிருந்திருக்கும்.

இந்தக் காட்சியை ஒதுக்கித் தள்ள இரண்டு சுலபமான வழிகள் உண்டு. எல்லாம் நாடகம், பணக்காரனின் முதலைக் கண்ணீர் என்பது ஒன்று. இது வியாபாரம், இதில் அழுகைக்கு அர்த்தம் தேடுவது அசட்டுத்தனம் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. கண்ணீர் உண்மை என்றே வைத்துக்கொள்கிறேன். ஒருவன் மனப்பூர்வமாக வருந்திக்கொண்டே ஒரு காரியத்தைச் செய்கிறான். ஒரு எண் தன்னை அப்படிச் செய்ய நிர்ப்பந்திக்கிறது என்று நினைக்கிறான். அந்த வருத்தத்துக்கு ஒழுக்க ரீதியில் என்ன மதிப்பு? அந்த எண் உண்மையில் யாரை நிர்ப்பந்தித்தது? இவைதான் என் கேள்விகள்.

கால்பந்து என்றதும் நம் மனதில் வருவது காலால் உதைக்கும் ஆட்டம். அமெரிக்கர்கள் அந்தப் பெயரில் ஆடுவது வேறு. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், எறியலாம்; எதிரி தன் உடம்பை மோதித் தடுப்பான். பந்தை எறிகிறவன் குவார்ட்டர்பேக். அணியின் மூளை என்று அவனைத்தான் சொல்வார்கள். மானிங் அந்த இடத்தில் ஆடியவர். 2007 பிப்ரவரியில் கோல்ட்ஸுக்கு சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர். 2011இல் கழுத்தில் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. அவர் இல்லாத அணி 16 ஆட்டங்களில் 14இல் தோற்றது. அப்படித் தோற்றதாலேயே, அடுத்த ஆண்டு கல்லூரிகளிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை அதற்குக் கிடைத்தது. அந்த முதல் ஆளும் ஒரு குவார்ட்டர்பேக், ஆண்ட்ரு லக். ஒரு பக்கம் 35 வயதும் தேறாத கழுத்தும் பெரும் சம்பளமும். மறுபக்கம் 22 வயதும் முழுசான உடம்பும் சிறிய சம்பளமும். இருவரையும் வைத்துக்கொள்ள இடம் இருந்திருந்தால் பிரச்சனையே இல்லை. இடம் இல்லை என்றுதான் அந்த எண் சொல்கிறது.

2

அந்த எண்ணுக்குப் பெயர் சம்பள உச்சவரம்பு. அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் 32 அணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அணியும் ஆட்டக்காரர்களுக்காக ஒரு ஆண்டில் கணக்கில் காட்டும் மொத்தத் தொகை ஒரு வரம்புக்குள் இருந்தாக வேண்டும். 1994இல் இந்த முறை வந்தபோது வரம்பு 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025இல் அது 27 கோடியே 92 லட்சம் டாலர். ஆட்டப் பருவத்தில் அணிக்கு 53 பேர். தொகை எவ்வளவு பெருத்தாலும் 53 பேருக்குள் பங்கிடும் பிரச்சனை அப்படியேதான் இருக்கிறது.

தமிழில் உச்சவரம்பு என்ற வார்த்தை நிலத்தோடு சேர்ந்து வந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் நிலம் வைத்திருப்பவன் எவ்வளவு வைத்திருக்கலாம் என்று சொன்னது. இங்கேயோ வரம்பு உடைமைக்கு இல்லை, கூலிக்கு. அணி முதலாளியின் லாபத்துக்கு உச்சவரம்பு கிடையாது, அணியின் விலைக்கும் கிடையாது. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வரம்பு ஏன் வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன்கூடத் தனக்குப் பிடித்த அணிக்குச் சுதந்திரமாகப் போக முடியாது என்ற நிலைமை நெடுங்காலம் இருந்தது. 1987இல் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் மாற்று ஆட்களை இறக்கி ஆட்டங்களை நடத்தினார்கள்; வேலைநிறுத்தம் நான்கு வாரம்கூட நிற்கவில்லை. பிறகு போராட்டம் நீதிமன்றத்துக்குப் போனது. 1992இல் மின்னியாபொலிஸ் நகரில் ஒரு ஜூரி ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993இல் சமரசம். ஆட்டக்காரனுக்குப் போகும் சுதந்திரம் கிடைத்தது; அதற்கு விலையாக வந்தது உச்சவரம்பு. அவன் போகலாம் என்று ஆனபோதே அவனைப் போகச் சொல்லலாம் என்பதும் கணக்கில் ஏறிவிட்டது. நீக்குவதை அங்கே விடுவித்தல் என்றே சொல்கிறார்கள். யாரும் கிண்டலாகச் சொல்வதில்லை.

வரம்புக்குச் சொல்லப்படும் நியாயம் சமத்துவம். நியூயார்க் போன்ற பெருநகரத்து அணி பணத்தைக் கொட்டி எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வளைத்துப் போட்டுவிட்டால், கிரீன் பே போன்ற சின்ன ஊரின் அணி ஆட்டத்துக்கு வருவதிலேயே அர்த்தமில்லை. இதை நான் பரிகசிக்கவில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த ஆட்டம் ஆட்டமே இல்லை.

ராபர்ட் நோஸிக் 1974இல் வெளியிட்ட தத்துவ நூலில் ஒரு விளையாட்டுக்காரனை உதாரணமாக நிறுத்துகிறார். வில்ட் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரனைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அவன் பெயர் எழுதிய பெட்டியில் 25 சென்ட் போடுகிறார்கள். பத்து லட்சம் பேர் போட்டால் இரண்டரை லட்சம் டாலர். எல்லோரும் விரும்பிக் கொடுத்தது. இதன் விளைவான ஏற்றத்தாழ்வு எப்படி அநியாயமாகும் என்று கேட்கிறார். சமத்துவம் வேண்டுமென்றால் மனிதர்களின் சுதந்திரத்தில் ஓயாமல் தலையிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. உச்சவரம்பு அப்படி ஓயாமல் தலையிடுகிற ஒரு ஏற்பாடு. வேடிக்கை என்னவென்றால் இந்தத் தலையீட்டை விரும்பிக் கேட்டவர்கள் முதலாளிகள், எதிர்த்தவர்கள் தொழிலாளிகள். நோஸிக்கின் எதிரிகளும் ஆதரவாளர்களும் இந்த இடத்தில் கட்சி மாறி நிற்கிறார்கள்.

காரணம், யாருக்கு இடையில் சமத்துவம் என்ற கேள்வி. உச்சவரம்பு அணிகளைச் சமப்படுத்துகிறது, மனிதர்களைச் சமப்படுத்துவதில்லை. ஒரே அணிக்குள் ஒருவனுக்கு 5 கோடி டாலர், இன்னொருவனுக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை என்பது நடக்கிற விஷயம். 32 பெட்டிகள் சம எடையாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. எடை கூடிய பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைக்கப்படுவது ஒரு மனிதன்.

3

எண் செய்தது, நான் செய்யவில்லை. உச்சவரம்பின் பெயரால் நடக்கும் ஒவ்வொரு நீக்கத்திலும் இந்த வாக்கியம் வெளியிலோ உள்ளேயோ ஒலிக்கிறது. இது பொய் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். வரம்பு ஒன்றும் மழையோ பூகம்பமோ இல்லை. மேஜை முன் உட்கார்ந்து பேரம் பேசி, லீகின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி ஆட்டக்காரர்களுக்கு என்று முடிவு செய்து, அதிலிருந்து கணக்கிட்ட தொகை. 2020இல் நோய்த்தொற்றால் மைதானங்கள் காலியாகக் கிடந்தன. வரம்பு 19 கோடியே 82 லட்சத்திலிருந்து 2021இல் 18 கோடியே 25 லட்சத்துக்கு இறங்கியது. அந்த வசந்த காலத்தில் பல பழைய ஆட்டக்காரர்கள் வேலை இழந்தார்கள். முந்தின ஆண்டைவிட அவர்கள் மோசமாக ஆடிவிடவில்லை. நாற்காலிகள் காலியாக இருந்தன, அவ்வளவுதான். நஷ்டத்தை யார் எவ்வளவு தாங்குவது என்று மனிதர்கள் தீர்மானித்திருந்தார்கள். அந்தத் தீர்மானம் கீழே வந்து சேரும்போது எண்ணாக வேஷம் போட்டிருந்தது.

ஆனால் இங்கேயே நிறுத்திக்கொண்டால் நாமும் சுலபமான இடத்தில் நின்றுவிட்டவர்களாவோம். விதி மனிதன் செய்தது என்பதால் விதிக்குள் நிற்கிறவனின் சங்கடம் பொய்யாகிவிடாது. ஒரு அணியின் நிர்வாகியை எடுத்துக்கொள்வோம். பத்து வருஷம் தோள்பட்டை தேய ஆடியவன் எதிரே இருக்கிறான். அவனை இன்னும் ஒரு ஆண்டு வைத்துக்கொள்ள நிர்வாகி ஆசைப்படுகிறார். உச்சவரம்பு இல்லாத உலகத்தில் அது முதலாளியின் தாராளத்தைப் பொறுத்தது. தாராளமாக இருந்தால் முதலாளிக்குக் கொஞ்சம் லாபம் குறையும். நன்றி காட்டியதற்குரிய செலவை நன்றி காட்டியவனே ஏற்கிறான். உச்சவரம்பு உள்ள உலகத்தில் அப்படி இல்லை. இவனுக்குக் கொடுக்கும் பணம் இன்னொருவனிடமிருந்து வந்தாக வேண்டும். இவனை வைத்துக்கொண்டால், யாரும் பெயர் கேள்விப்படாத இருபத்து நான்கு வயதுக்காரன் ஒருவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். நிர்வாகியின் நன்றிக்கு அவன் விலை கொடுக்கிறான்.

உச்சவரம்பு செய்கிற ஆழமான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். அது ஒரு நற்குணத்தின் இயல்பையே மாற்றிவிடுகிறது. செய்ந்நன்றியைக் குறள் தனி அதிகாரமாகவே வைத்திருக்கிறது. நம் மரபில் அதைக் கொன்றவனுக்குக் கதி இல்லை. ஆனால் அந்த மரபு கற்பிதம் செய்யும் நன்றி இருவருக்கு இடையிலானது, செய்தவனுக்கும் பெற்றவனுக்கும். அங்கே மூன்றாவது ஆள் இல்லை. மூன்றாவது ஆள் ஒருவன் வாசலில் நின்றுகொண்டு, நீ அவனுக்குக் காட்டும் நன்றி எனக்குச் செய்யும் அநியாயம் என்று சொன்னால் என்ன செய்வது? ராஜாக்கள் தம் நன்றியைப் பொக்கிஷத்திலிருந்து காட்டினார்கள். அந்தப் பொக்கிஷத்தை நிரப்பியவன் வாசலுக்கு வந்ததில்லை. உச்சவரம்பு அவனை உள்ளே அழைத்து உட்கார வைத்திருக்கிறது. அந்த அளவில் அது நம் பழைய நன்றியைவிட நேர்மையானதுகூட.

ஆகவே நீக்குவது சில சமயம் சரியாகவே இருக்கலாம். கோல்ட்ஸின் முடிவை விளைவை வைத்துத் தீர்மானிக்கப் பார்த்தால் தலை சுற்றும். லக் வந்த முதல் ஆண்டிலேயே அணி 11 ஆட்டங்களில் வென்றது; முடிவு சரி. டென்வருக்குப் போன மானிங் 2013இல் 55 டச்டவுன் எறிந்து சாதனை செய்தார், முடிவு தவறு. 2019இல் காயங்களால் சலித்து லக் 29 வயதில் ஓய்வு பெற்றார், மறுபடி தவறு. 2016 பிப்ரவரியில் டென்வர் பட்டம் வென்றபோது மானிங்குக்கு 39 வயது, ஆட்டம் தளர்ந்திருந்தது, ஜெயித்துத் தந்தது தடுப்பு வரிசை. இதை எந்தப் பக்கம் எழுதுவது? மேடையில் நின்ற இருவருக்கும் இவற்றில் எதுவும் தெரியாது. ஒரு செயலின் நியாயம் அதற்கு அப்புறம் நடந்ததையே நம்பியிருக்குமானால், செய்கிற கணத்தில் யாருக்கும் நியாயம் தெரியாது என்றாகிவிடும்.

4

பகலெல்லாம் கணக்குகளுடன் உட்கார்ந்திருப்பவன் என்பதால் இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதன் கணக்கு முறை. ஆட்டக்காரனுக்குக் கையெழுத்திடும்போதே ஒரு பெரிய தொகை ரொக்கமாகக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பரத்தி எழுதலாம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இரண்டரைக் கோடி கொடுத்தால் ஆண்டுக்கு 50 லட்சம். இரண்டாம் ஆண்டு முடிந்ததும் அவனை நீக்கினால் எழுதாமல் மீந்த ஒன்றரைக் கோடியும் உடனே கணக்கில் வந்து விழும். ஆள் இல்லை, ஆனால் அவன் பெயரில் வரம்பு தின்னப்படுகிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் செத்த பணம்.

அதற்குப் பெரிய உதாரணம் டென்வர் அணி. 2022இல் ரஸ்ஸல் வில்சன் என்ற குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவந்து, ஆடத் தொடங்கும் முன்பே ஐந்து ஆண்டுக்கு 24 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு பருவம் ஆடினார். 2023 கடைசியில் நல்ல உடம்போடு இருந்தவரை வெளியே உட்கார வைத்தார்கள். அவருக்குக் காயம் பட்டிருந்தால் பின்வரும் ஆண்டுச் சம்பளத்துக்கும் உத்தரவாதம் ஏற்பட்டிருக்கும். 2024 மார்ச்சில் நீக்கினார்கள். செத்த பணம் 8 கோடியே 50 லட்சம் டாலர், இரண்டு ஆண்டுகளுக்குப் பரத்தி. லீகின் சரித்திரத்தில் அதுவரை யாருக்கும் இவ்வளவு எழுதப்பட்டதில்லை. அவர் பிட்ஸ்பர்குக்குப் போய்க் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆடினார். அந்த ஆண்டு அவருடைய மீதிச் சம்பளம் ஏறக்குறைய 3 கோடியே 80 லட்சம் டாலரை டென்வர்தான் கொடுத்தது.

காண்ட் 1785இல் ஒரு பாகுபாடு செய்தார். விலை உள்ள பொருளுக்கு மாற்றாக இன்னொன்றை வைக்கலாம். மனிதனுக்கு இருப்பது விலை இல்லை, கண்ணியம், அதற்கு மாற்று கிடையாது. ஒரு உடம்பு ஆரோக்கியமாக இருப்பதே அபாயம், காயம் பட்டால் அதன் விலை ஏறிவிடும், ஆகவே அதை உபயோகிக்காமல் வைப்போம் என்று யோசிக்கிற இடத்தில் காண்ட் சொன்ன எல்லையைத் தாண்டியாகிவிட்டது. இதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே பேரேட்டில் செத்த பணம் என்ற வரியும் இருக்கிறதே. ஆளை அனுப்பிவிட்டாலும் அவனுக்குக் கொடுத்த வாக்கு இரண்டு ஆண்டுகள் உங்கள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் ஒவ்வொரு புது ஆளுக்கும் குறுக்கே அது நிற்கும். வாழ்க்கையில் நாம் முறித்துக்கொள்ளும் உறவுகளுக்கு இப்படி ஒரு பேரேடு இல்லை. முறித்த மறுநாளே கணக்குச் சுத்தமாகிவிட்டதாக நம்மால் பாவிக்க முடிகிறது. பேரேடு வாக்குக் கொடுத்ததன் செலவைத்தான் காட்டும், வாக்குத் தவறியதன் குற்றத்தைக் காட்டாது, அது வாஸ்தவம். ஆனாலும் மேடையில் பேசப்படும் பிரிவுரையைவிட அதற்கு ஞாபகசக்தி அதிகம்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய கட்டுரையில் ஒரு லாரி டிரைவர் வருகிறான். அவன்மேல் எந்தத் தவறும் இல்லாமல் ஒரு குழந்தை லாரியில் அடிபட்டுச் செத்துவிடுகிறது. உன் தப்பு இல்லை என்று எல்லோரும் தேற்றுகிறார்கள், தேற்றுவது சரிதான். ஆனால் அவன் உடனே தேறிவிட்டால் அவனிடம் ஏதோ கோளாறு என்றுதான் நமக்குத் தோன்றும். வேடிக்கை பார்த்தவனின் வருத்தம் வேறு, வண்டி ஓட்டியவனின் வருத்தம் வேறு. சரியான முடிவும் ஒரு பாக்கியை விட்டுச் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இர்ஸேயின் கண்ணீரை நான் உண்மை என்று எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் இதுதான். ஆனால் லாரி டிரைவருக்கும் அணி முதலாளிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டிரைவர் சாலையைப் போடவில்லை. வரம்பை வகுத்த மேஜையில் முதலாளிக்கு நாற்காலி இருந்தது.

5

பாக்கியை அவர்கள் எப்படித் தீர்க்கிறார்கள்? ஜெர்ரி ரைஸ் 1985லிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ அணிக்கு ஆடினார். பந்தை ஓடிப் பிடிப்பதில் அவரை மிஞ்சியவர் இல்லை என்பார்கள். 2001இல் அவரை நீக்கினார்கள். வளைகுடாவுக்கு அந்தக் கரையில் ஓக்லண்டில் சேர்ந்து, நாற்பது வயதில் இறுதி ஆட்டம்வரை போனார். 2006இல் ஸான் பிரான்ஸிஸ்கோ அவரை அழைத்து, அந்த அணிக்காரராகவே ஓய்வு பெறுவதற்காக ஒரு ஒப்பந்தம் போட்டது. அதில் எழுதிய தொகை 19,85,806 டாலர் 49 சென்ட். அவர் வந்த ஆண்டு 85, சட்டை எண் 80, ஓய்வு பெறும் ஆண்டு 06, அணியின் பெயரில் வரும் எண் 49. ஒரு சென்ட்கூடக் கைமாறவில்லை. டல்லாஸின் எம்மிட் ஸ்மித்துக்கும் அப்படித்தான். 2002 அக்டோபரில் பந்தோடு ஓடிக் கடந்த தூரத்தில் லீகின் சாதனையை முறியடித்தார். 2003 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். அரிஸோனாவில் இரண்டு ஆண்டு ஆடிவிட்டு 2005இல் ஒரு நாள் ஒப்பந்தத்தில் டல்லாஸுக்குத் திரும்பி ஓய்வு பெற்றார். மானிங்குக்கு இண்டியானாபொலிஸ் மைதானத்தின் வெளியே 2017இல் வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலைக்கு உச்சவரம்பு கிடையாது.

இவற்றைப் பித்தலாட்டம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இத்தனை கோடி சம்பாதித்தவர்களுக்காக எதற்கு இந்த விசாரம் என்றும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். மானிங்குக்கு மேடை கிடைத்தது. ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் கடைசியில் 90 பேராக இருக்கும் ஒவ்வொரு அணியும் 53 பேராகக் குறைந்தாக வேண்டும். 32 அணிகள், அணிக்கு 37 பேர், ஆயிரத்து நூற்றுக்கும் மேல். கோச் கூப்பிடுகிறார், ஆட்டப் புத்தகத்தைக் கையோடு எடுத்து வா என்று ஒருவன் வந்து சொல்வான். அதுதான் அவர்களுக்குப் பிரிவுரை. அவர்களில் பெரும்பாலோர் கோடியைப் பார்க்காதவர்கள். நாம் மானிங்கைப் பற்றிப் பேசுவது அவர் முகம் நமக்குத் தெரியும் என்பதால்தான். இதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் கேள்வி கஷ்டமானது. ஒரு நாள் ஒப்பந்தம் பித்தலாட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. ரைஸுக்கு எழுதிய அந்தத் தொகையில் பணம் பணமாக இருப்பதை நிறுத்திவிட்டது. விலை சொல்லவே பயன்பட்ட இலக்கங்கள் ஒரு தடவையாவது ஒரு மனிதனின் சரித்திரத்தைச் சொல்கின்றன. பாக்கி இருக்கிறது என்பதை ஸ்தாபனம் ஒப்புக்கொள்ளும் முறை அது. என் ஆட்சேபம் வேறு. பாக்கியை ஒப்புக்கொள்வது, அதைத் தீர்க்க ஒன்றும் செலவாகாத நாளில்தான் நடக்கிறது. ரைஸ் இனி ஆடப்போவதில்லை, எந்த இடத்தையும் அடைக்கப்போவதில்லை. வாசலில் நிற்கும் மூன்றாவது ஆளுக்கு இதில் நஷ்டமில்லை. நஷ்டமில்லாத இடத்தில் காட்டும் நன்றிக்கு மரியாதை என்று பெயர் வைக்கலாம். நன்றி என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

6

இந்த விஷயம் ஒரு சிறுபத்திரிகையில் எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் இதை எழுத நேர்ந்ததன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கங்கள் என்பது நம்முடைய உச்சவரம்பு. சென்ற ஆண்டு கவிதைகளைப் பார்த்து அனுப்பும் பொறுப்பு சில மாதங்கள் என்னிடம் இருந்தது. நாங்கள் எல்லோரும் எழுதத் தொடங்கியதற்கே காரணமான ஒரு மூத்த கவிஞர் ஆறு கவிதைகள் அனுப்பியிருந்தார். அவை நன்றாக இல்லை. அவருடைய பழைய வரிகளின் நிழல்களாக இருந்தன. அதே தபாலில் முன்பின் தெரியாத ஒரு பையனின் கவிதைகள். முரடாக இருந்தாலும் உயிர் இருந்தது. பையனுடையதைப் போட்டோம். பெரியவருக்கு நான்தான் கடிதம் எழுதினேன். இந்த இதழில் பக்கம் இல்லை என்று எழுதினேன்.

முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். பெரியவருக்கு நான் காட்டியிருக்கக்கூடிய நன்றிக்கு அந்தப் பையன் விலை கொடுத்திருப்பான். ஆனால் பக்கம் இல்லை என்பது, எண் செய்தது, நான் செய்யவில்லை என்ற அதே வாக்கியம். பக்கம் இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தது நான். கவிதைகள் இறங்கிவிட்டன என்று அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஒரு கவிஞனுக்கு இன்னொரு எழுத்துக்காரன் பட்டிருக்கும் கடனில் குறைந்தபட்சம் அந்த உண்மையாவது அடங்கும். அதைக்கூட அவருக்குத் தராமல் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மேடையில் எல்லோர் முன்னாலும் நின்று குரல் உடைந்த அந்த அமெரிக்க முதலாளி, இந்த ஒரு விஷயத்தில் என்னைவிட மேலான மனிதர்.

உச்சவரம்பு இல்லாத உலகத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. பக்கமும் பணமும் ஆயுளும் எல்லையுள்ளவை. அந்த எல்லைக்குள் ஒருவரை விட்டு இன்னொருவரைத் தேர்ந்தெடுப்பதும் தவிர்க்க முடியாதது. தவிர்க்கக்கூடியவை இரண்டு. நாம் தேர்ந்தெடுத்ததை எண் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வது ஒன்று. எல்லையை இந்த இடத்தில் போட்டவர்கள் யார், அவர்களுக்கும் எல்லை உண்டா என்று கேட்காமலிருப்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியை ஆட்டக்காரர்கள் நீதிமன்றம்வரை கொண்டுபோய்க் கேட்டார்கள். முதலாவதை ஒவ்வொருவனும் தனக்குத் தானேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரியவர் என் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. தை மாதம் வழக்கம்போல ஆண்டுச் சந்தா அனுப்பியிருந்தார். இந்த இதழ் அவருக்கும் போகும்.